புகைக்குப் பயந்து புட்டிக்குள் போன பாசி: டெரேரியத்தைத் தந்த டாக்டர் வார்டு யார்?

டெல்லியில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு மந்திர் மார்க் புதிய இடம் இல்லை. பிர்லா மந்திர் இருக்கிற தெரு. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் ஒன்று இருக்கிற தெரு. பிரிட்டிஷ் காலத்தில் இதற்கு ரீடிங் சாலை என்று பெயர். தெருவுக்குப் பின்னாலேயே ரிட்ஜ் காடு ஆரம்பித்துவிடும்.

காற்று மாசுத் தரவுகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இந்தப் பெயர் இன்னொரு காரணத்துக்காகவும் மனப்பாடம். டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் கண்காணிப்பு நிலையங்களில் ஒன்றின் பெயரும் மந்திர் மார்க்தான். பி.எம் 2.5, பி.எம் 10, நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, ஓசோன் என்று வரிசையாக எண்களைத் துப்பிக்கொண்டே இருக்கும். நவம்பர் வந்தால் அந்த எண்கள் செய்தியாகும். பிப்ரவரியில் நாம் மறந்துவிடுவோம்.

இந்த மாதிரி இயந்திரம் எதுவும் இல்லாத காலத்தில் ஒரு நகரத்தின் காற்று கெட்டுப்போனதை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? 1820-களின் லண்டனில் ஒரு டாக்டர் தன் வீட்டு முற்றத்தில் வளர்த்த பாசியைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அவர் வைத்த பாசி ஒவ்வொன்றாகக் கருகியது. அதைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த வழிதான் இன்று உங்கள் அலுவலக மேஜையில், பெங்களூரு கஃபேயில், இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் இருக்கிற டெரேரியம். அதே கண்ணாடிப் பெட்டி நீலகிரிக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போய், லட்சக்கணக்கான தமிழர்களின் வாழ்க்கையையும் மாற்றியது. அது அவர் எதிர்பார்க்காதது.

அவர் பெயர் நதானியேல் பாக்ஷா வார்டு.

யார் இந்த வார்டு?

1791-ல் பிறந்தவர். அப்பா ஸ்டீபன் ஸ்மித் வார்டு மருத்துவர். பையனுக்கு 13 வயதானபோது கப்பலில் ஜமைக்காவுக்குப் போய்வரும் வாய்ப்பு கிடைத்தது. கடல் வாழ்க்கை பிடிக்கவில்லை. ஆனால் அந்தத் தீவின் பெரணிகளும் பனைகளும் மனதில் ஒட்டிக்கொண்டன. ஊர் திரும்பியவர் அப்பாவின் வழியில் மருத்துவம் படித்து, அப்பா பார்த்துவந்த நோயாளிகளையே பார்க்க ஆரம்பித்தார்.

வீடும் கிளினிக்கும் லண்டனின் கிழக்குப் பகுதியில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், வெல்க்ளோஸ் சதுக்கத்தில். நம்ம ஊரில் சொல்வதென்றால் ராயபுரம் மாதிரி ஒரு பகுதி. கப்பல் தொழிலாளர்கள், நெருக்கமான வீடுகள், சுற்றிலும் நிலக்கரி எரிக்கும் புகைபோக்கிகள். இவர் விடியற்காலையில் செடி தேடி நகரத்துக்கு வெளியே போய்விடுவார். திரும்பி வந்து நாள் முழுக்க நோயாளிகள். பகலில் டாக்டர், மிச்ச நேரத்தில் தாவரவியலாளர். 1817-லேயே லின்னேயன் சங்கத்தின் உறுப்பினர்.

அவருடைய ஆசை ரொம்பச் சின்னது. வீட்டு முற்றத்தில் ஒரு பழைய சுவர், அதில் பெரணியும் பாசியும் படர வேண்டும். பாறைகளை அடுக்கி, மேலே ஓட்டை போட்ட குழாய் வைத்து, தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்க ஏற்பாடு செய்தார். வெளியூரிலிருந்து செடிகளைக் கொண்டுவந்து நட்டார். தண்ணீருக்குக் குறைவில்லை, நிழலுக்கும் குறைவில்லை. ஆனாலும் செடிகள் செத்தன. சுற்றியிருந்த ஆலைகளின் கரிப்புகைதான் காரணம் என்று வார்டு முடிவுக்கு வந்தார்.

பாசி மட்டும் ஏன் முதலில் சாகிறது?

முதலில் ஒரு சின்ன விளக்கம். தமிழில் பாசி என்றால் இரண்டு பொருள். குளத்தில் மிதக்கிற பச்சையும் பாசி, கிணற்றுச் சுவரில் படர்கிற பச்சைக் கம்பளமும் பாசி. முதலாவது ஆல்கா. இரண்டாவது மாஸ், பிளஸ் ஒன் புத்தகத்தில் பிரையோஃபைட்டா பாடத்தில் ஃபியூனேரியா என்று படம் வரைந்து பாகம் குறித்தோமே, அது. இந்தக் கட்டுரையில் பாசி என்றால் இரண்டாவதுதான்.

மாமரத்துக்கு வேர் உண்டு. தண்ணீரை மண்ணிலிருந்து வடிகட்டி எடுத்துக்கொள்ளும். இலைக்கு மேலே மெழுகுப் பூச்சு உண்டு, கிட்டத்தட்ட ரெயின்கோட் போட்ட மாதிரி. பாசிக்கு இரண்டும் இல்லை. வேர் மாதிரி தெரிகிற இழைகள் பெரும்பாலும் பிடித்துக்கொள்ள மட்டும்தான். பெரும்பாலான பாசிகளின் இலை ஒரே ஒரு செல் தடிமன். மழை, பனி, மூடுபனி எதுவாக இருந்தாலும் உடம்பு முழுவதாலும் குடிக்கும்.

இதுல என்ன சிக்கல்? காற்றில் என்ன இருக்கிறதோ அது எல்லாமே உள்ளே போகும். நிலக்கரி எரிந்தால் வரும் சல்ஃபர் டை ஆக்சைடு ஈரத்தில் கரைந்து அமிலமாகும், பச்சையத்தைச் சிதைக்கும். வடிகட்டி இல்லாத உடம்பு என்பதால் பாசிக்குத் தப்பிக்க வழியே இல்லை.

இந்தப் பலவீனத்தையே விஞ்ஞானிகள் பிறகு கருவியாக மாற்றினார்கள். பாசியைப் போலவே காற்றிலிருந்து நேராகக் குடிக்கும் லைக்கன்கள் பாரிஸ் நகரத்துக்குள் காணாமல் போவதை 1866-ல் வில்லியம் நைலாண்டர் பதிவு செய்தார். 1960-களின் கடைசியில் ஸ்வீடனில் பாசியைச் சேகரித்து, அதில் படிந்த ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை அளக்க ஆரம்பித்தார்கள். இன்று ஐரோப்பாவில் 5 வருடத்துக்கு ஒருமுறை நாடுகள் சேர்ந்து நடத்தும் பாசிக் கணக்கெடுப்பே இருக்கிறது. மின்சாரம் வேண்டாத, பராமரிப்புச் செலவில்லாத சென்சார்.

1829: ஒரு கூட்டுப்புழு, ஒரு புட்டி

வார்டுக்குப் பூச்சிகள் மீதும் ஆர்வம். 1829-ல் ஒரு ஸ்ஃபிங்க்ஸ் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமான மக்கு மண்ணில் புதைத்து, அகன்ற வாய் கொண்ட கண்ணாடிப் புட்டிக்குள் வைத்து மூடினார். பூச்சி வெளியே வருவதைப் பார்ப்பதுதான் திட்டம்.

தினமும் பார்த்ததில் வேறு ஒன்று கண்ணில் பட்டது. பகலில் சூடு ஏற ஏற மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது. சாயங்காலம் குளிர்ந்ததும் துளிகளாக வழிந்து மண்ணுக்கே திரும்புகிறது. ஈரம் குறையவே இல்லை. சில நாட்களில் மண்ணிலிருந்து இரண்டு முளைகள். ஒன்று பெரணி, இன்னொன்று புல். முற்றத்தில் என்ன செய்தும் வளர மறுத்த பெரணி, யாரும் கூப்பிடாமலே புட்டிக்குள் வந்து நின்றது.

வார்டு அந்தப் புட்டியை வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே வைத்தார். தண்ணீர் ஊற்றவில்லை. பெரணி ஒவ்வொரு வருடமும் புது இலை விட்டது. புல் இரண்டாம் வருடம் பூத்தது. கிட்டத்தட்ட 4 வருடம் இப்படியே ஓடியது. கடைசியில் வார்டு ஊரில் இல்லாத நேரத்தில் மூடி துருப்பிடித்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, இரண்டும் அழுகின.

நேர்மையாகச் சொன்னால், இதைச் செய்த முதல் ஆள் வார்டு இல்லை. ஸ்காட்லாந்தில் மக்கோனாக்கி என்பவர் 1825 வாக்கிலேயே இதே போன்ற கண்ணாடிப் பெட்டியில் செடி வளர்த்திருந்தார். ஆனால் அவர் எழுதி வெளியிடவில்லை. வார்டு எழுதினார், காட்டினார், கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அதனால் பெட்டிக்கு 'வார்டியன் கேஸ்' என்று பெயர் நிலைத்தது.

மூடியே இருந்தால் செடிக்கு மூச்சு முட்டாதா?

டெரேரியம் வாங்குகிற எல்லோரும் கேட்கிற கேள்வி. பகலில் செடி ஒளிச்சேர்க்கை செய்யும்போது கார்பன் டை ஆக்சைடை எடுத்து ஆக்சிஜனை விடுகிறது. இரவு பகலாக அதுவும், மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளும் மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு திரும்பக் கிடைக்கிறது. தண்ணீர் ஆவியாகி, துளியாகி, மண்ணுக்கு வருகிறது. வெளியிலிருந்து வர வேண்டியது ஒன்றே ஒன்றுதான், வெளிச்சம்.

வார்டின் பெட்டி காற்றே புகாத அளவுக்கு அடைத்ததும் இல்லை. அதை அவரே திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. சூடு ஏறி இறங்கும்போது இடுக்குகள் வழியாகக் காற்று மெதுவாகப் போய் வரும். ஆனால் கரித்தூள் கொட்டாது, வறண்ட காற்று அடிக்காது, ஈரம் வெளியேறாது. அவ்வளவுதான் மேட்டர். 1838-ல் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இந்தப் பெட்டியைப் பற்றி ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார்.

1833: கடல் சோதனை

அந்தக் காலத்தில் செடியைக் கப்பலில் கொண்டுவருவது சூதாட்டம். உப்புக் காற்று, வெயில், குடிக்கவே பற்றாத நன்னீர். சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பும் 1,000 செடிகளில் ஒன்றுதான் பிழைக்கிறது என்று 1819-ல் ஜான் லிவிங்ஸ்டன் என்ற மருத்துவர் கணக்குச் சொன்னார்.

புட்டிக்குள் லண்டன் புகையைத் தாங்கிய செடி, பெட்டிக்குள் கடலைத் தாங்காதா? ஹாக்னியில் பெரிய நர்சரி வைத்திருந்த ஜார்ஜ் லாடிஜஸோடு சேர்ந்து வார்டு சோதனைக்கு இறங்கினார். பெரணி, பாசி, புல் நிரப்பிய 2 பெட்டிகள். 1833 ஜூனில் கேப்டன் சார்லஸ் மல்லார்டின் 'பெர்ஷியன்' கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பின. விரல் விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத் தவிர எல்லாம் உயிரோடு சிட்னி போய்ச் சேர்ந்தன.

1834 பிப்ரவரியில் அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகளை நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பயணத்தின் வெப்பநிலையை மட்டும் எண்களில் பாருங்கள்:

- சிட்னியில் ஏற்றும்போது: 32 முதல் 38 டிகிரி செல்சியஸ்
- கேப் ஹார்ன் முனையைச் சுற்றும்போது: சுமார் மைனஸ் 7 டிகிரி, கப்பல் தளத்தில் பனிக்குவியல்
- பூமத்திய ரேகையைக் கடக்கும்போது: சுமார் 49 டிகிரி
- இங்கிலாந்துக் கால்வாயில் நுழையும்போது: சுமார் 4 டிகிரி

8 மாதப் பயணம். வழியில் தண்ணீர் ஊற்றவில்லை. நவம்பரில் வார்டும் லாடிஜஸும் கப்பலில் ஏறிப் பார்த்தபோது செடிகள் பச்சையாக இருந்தன. அதுவரை பிரிட்டனில் யாரும் உயிரோடு பார்த்திராத ஓர் ஆஸ்திரேலியப் பெரணியும் அவற்றில் இருந்தது. முன்பெல்லாம் இறக்குமதியில் 20-க்கு 19 செத்துக்கொண்டிருந்தன, பெட்டி வந்த பிறகு 20-க்கு 19 பிழைக்கின்றன என்று பிறகு லாடிஜஸ் கணக்கைத் தலைகீழாகச் சொன்னார்.

பெட்டியில் ஏறி நம் பக்கம் வந்தவை

இங்கிருந்துதான் கதை வார்டின் கையை விட்டுப் போகிறது. செடியை உயிரோடு கடல் கடத்த முடியும் என்றால், ஒரு நாட்டின் பணப்பயிரை இன்னொரு நாட்டுக்குத் தூக்கிச் செல்ல முடியும். பேரரசுகளுக்கு இது உடனே புரிந்துவிட்டது.

தேயிலை: ராபர்ட் ஃபார்ச்சூன் 1848 முதல் 1851 வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீனாவில் அலைந்து, ஆயிரக்கணக்கான தேயிலைக் கன்றுகளையும் முளைவிட்ட விதைகளையும் வார்டியன் பெட்டிகளில் இமயமலை அடிவாரத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார். அசாமில் தேயிலை ஏற்கெனவே இயற்கையாக இருந்தது. இந்தியத் தேயிலை முழுவதும் இந்தப் பெட்டியில் வந்தது என்று சொன்னால் தவறு. ஆனால் சீனாவின் ரகங்களும் தொழில்நுட்பமும் வந்த வழி இதுதான்.

சின்கோனா: மலேரியாவுக்கு மருந்தான குயினைன் இந்த மரப்பட்டையிலிருந்து கிடைக்கிறது. 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து பெட்டிகளில் கொண்டுவந்த கன்றுகள் நீலகிரி வந்து சேர்ந்தும் பிழைக்கவில்லை. அடுத்த வருடம் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸின் முயற்சியில் வந்தவை பிழைத்தன. ஊட்டி தாவரவியல் பூங்காவின் வில்லியம் மெக்ஐவர் அவற்றைப் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் சீனக் கைதிகளையும் வேலைக்கு விட்டார்கள். அவர்களை அடைத்த சிறை இன்றும் அங்கே இருக்கிறது.

ரப்பர்: 1876-ல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை சில ஆயிரம்தான். அவற்றில் 1,900-க்கும் மேற்பட்ட நாற்றுகள் அதே வருடம் 38 வார்டியன் பெட்டிகளில் இலங்கைக்குப் போயின. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூர் போயின. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு விதை போட்டது இந்தச் சின்ன எண்ணிக்கைதான்.

தோட்டம் வந்தால் ஆள் வேண்டும். தஞ்சாவூர், திருச்சி, சேலம், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழர்கள் போவது பெட்டிக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. ஆனால் மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போன கூட்டத்தின் பின்னால் அந்த 22 கன்றுகள் இருக்கின்றன. உங்கள் நண்பர்களில் யாருக்காவது பினாங்கிலோ ஈப்போவிலோ சொந்தக்காரர்கள் இருந்தால், அவர்கள் குடும்பக் கதையிலும் இந்தக் கண்ணாடிப் பெட்டி எங்கோ ஓர் ஓரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு சரக்கும் பெட்டியில் ஏறியது. செடியோடு மண், மண்ணோடு பூச்சி, புழு, பூஞ்சை. ஊர் விட்டு ஊர் நோய் பரவ இது வசதியான வண்டியானது. அமெரிக்கா 1912-லும் இந்தியா 1914-லும் செடி இறக்குமதியைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தன. இன்று விமான நிலையத்தில் மண்ணோடு செடி கொண்டுவர முடியாததன் பின்னணி இந்த மாதிரி அனுபவங்கள்தான்.

வார்டு விரும்பியது என்ன?

அவர் 1842-ல் எழுதிய புத்தகத்தைப் பார்த்தால் கப்பல் என்பது அவர் கனவின் ஒரு பகுதி மட்டுமே. மருத்துவராக அவர் தினமும் பார்த்தது கிழக்கு லண்டனின் ஏழைகளை. வெளிச்சம் இல்லாத அறைகள், இருமல், காசநோய். ஒரு பாசிப் பெட்டியாவது அவர்கள் ஜன்னலில் இருக்க வேண்டும் என்று விரும்பினார். அதையும் தாண்டி யோசித்தார். புகையிலிருந்து செடியைக் காப்பாற்றுகிற தத்துவம் மனிதனுக்கும் பொருந்தாதா? சுத்தமான, ஈரம் சீராக இருக்கும் காற்றில் நோயாளியை வைத்தால் குணமாகாதா? ஏர் ப்யூரிஃபையர் வாங்க நாம் இன்று சொல்கிற காரணம் கிட்டத்தட்ட இதுதான்.

ஆனால் கண்ணாடி அன்று ஏழைகளின் பொருள் இல்லை. பிரிட்டனில் கண்ணாடிக்கு வரி 1845 வரை இருந்தது. ஜன்னலுக்கு வரி 1851 வரை இருந்தது. ஆமாம், வீட்டில் ஜன்னல் அதிகம் இருந்தால் அரசுக்குப் பணம் கட்ட வேண்டும். வெளிச்சத்துக்கே விலை இருந்த ஊரில் பெட்டி பணக்காரர்களின் வரவேற்பறைக்குப் போனது. பெரணி வளர்ப்பது பெரிய மோகமானது. அதற்குப் 'பெரணிப் பைத்தியம்' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார்கள்.

வார்டின் வீடும் ஒரு காட்சிக்கூடமாக மாறியது. டின்டர்ன் மடாலயத்தின் இடிபாடுகளைச் சின்னதாகச் செய்து, சுற்றிலும் பெரணிகள் வளர்த்த ஒரு கண்ணாடி அறை அங்கே இருந்தது. அந்தக் காலத்துத் தோட்டக்கலை எழுத்தாளர்கள் வந்து பார்த்து எழுதினார்கள். 1839-ல் லண்டன் மைக்ராஸ்கோப் சங்கத்தைத் தொடங்குவதற்கான கூட்டம் நடந்ததும் இந்த வீட்டில்தான்.

பெட்டிக்கு வார்டு காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம். உலக வணிகத்தையே மாற்றிய பொருளிலிருந்து அவருக்குப் பெரிய பணம் எதுவும் வரவில்லை. மரியாதை கிடைத்தது. 1852-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1854-ல் மருந்தாளுநர் சங்கத்தின் தலைவர். 1868 ஜூன் 4 அன்று, 76 வயதில், இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் செயின்ட் லெனார்ட்ஸில் இறந்தார்.

அவர் பெயரில் ஒரு பாசி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் பகுதி மலை ஓடைகளில், பாறையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் வாழும் பேரினம். ஹார்வியும் ஹூக்கரும் அதற்கு 'வார்டியா' என்று பெயர் வைத்தார்கள். உலகத்தில் வேறு எங்கும் அது கிடையாது.

உங்கள் மேஜையில் பாசி: 7 விஷயங்கள்

வார்டின் புட்டி எப்படிப் பிழைத்தது, எப்படிச் செத்தது என்பதிலேயே பராமரிப்புப் பாடம் பாதி இருக்கிறது.

1. வெயில் வேண்டாம், வெளிச்சம் வேண்டும். வார்டு வடக்கு ஜன்னலைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. மூடிய கண்ணாடியில் நேரடி வெயில் பட்டால் நிறுத்தி வைத்த கார் மாதிரி உள்ளே கொதிக்கும். ஜன்னல் இல்லாத அறை என்றால் வெள்ளை எல்.இ.டி விளக்கு தினமும் 8 முதல் 10 மணி நேரம் போதும்.

2. குழாய்த் தண்ணீரைத் தவிர்க்கவும். டெல்லி, சென்னை இரண்டிலும் பல இடங்களில் தண்ணீரில் உப்பு அதிகம். வேர் இல்லாத பாசியின் மேலேயே அந்த உப்பு தங்கி, நுனி பழுப்பாகும். மழைத்தண்ணீர் நல்லது, கிடைக்காவிட்டால் ஆர்.ஓ தண்ணீர்.

3. கண்ணாடியைப் படியுங்கள். காலையில் லேசாகப் பனி படிந்து மதியத்துக்குள் தெளிந்தால் ஈரம் சரியாக இருக்கிறது. நாள் முழுக்க மூடுபனி என்றால் தண்ணீர் அதிகம், சில மணி நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். பனியே இல்லை, பாசி சுருங்கியிருக்கிறது என்றால் லேசாகத் தெளியுங்கள். ஊற்ற வேண்டாம். வார்டின் புட்டியைக் கொன்றது வறட்சி இல்லை, உள்ளே இறங்கிய மழைநீர்.

4. மண்ணுக்கு அடியில் கூழாங்கல், கொஞ்சம் கரித்துண்டு, மேலே சத்து குறைந்த மண். உரம் போடாதீர்கள். பாசியை மண்ணோடு நன்றாக அழுத்தி வையுங்கள், நடுவில் காற்று இடைவெளி இருந்தால் காயும்.

5. பாசி எந்த வகை என்று பாருங்கள். மலைக்காட்டுப் பாசிக்கு மூடிய பெட்டி பிடிக்கும். மொட்டை மாடியில் வெயிலிலும் மழையிலும் வளர்ந்த பாசியை மூடி வைத்தால் பெரும்பாலும் அழுகும், அதற்குத் திறந்த பாத்திரம்தான் சரி. டெல்லி மே, ஜூனில் இரண்டையுமே குளிர்ந்த அறைக்குள் வையுங்கள்.

6. அலுவலகச் சுவரில் இருக்கும் பச்சைப் பாசிக்குத் தண்ணீர் தெளிக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்க. பெரும்பாலும் அது கிளிசரின் ஏற்றிச் சாயம் போட்ட, உயிரில்லாத பாசி. தண்ணீர் பட்டால் சாயம் போகும். அது காற்றையும் சுத்தம் செய்யாது.

7. காட்டிலிருந்து பெயர்த்து வராதீர்கள். ரிட்ஜ் காப்புக்காடு, அங்கே கை வைப்பது சட்டப்படி குற்றமாகலாம். ஊட்டி, கொடைக்கானலிலும் அப்படித்தான். ஒரு கைப்பிடி பாசி திரும்ப வளர வருடக்கணக்கில் ஆகும். கடையில் வாங்கினால் எங்கே வளர்த்தது என்று கேளுங்கள். உங்கள் வீட்டுச் சுவரிலேயே மழைக்காலத்தில் நகத்தளவு கிடைக்கும், அது போதும்.

பெட்டிக்கு 4 வருடம், காற்றுக்கு?

ஒரு கணக்கோடு முடிக்கலாம். புட்டியில் பெரணி முளைத்தது 1829. கப்பல் கிளம்பியது 1833. ஒரு செடியைக் கெட்ட காற்றிலிருந்து ஒளித்து வைக்கும் தொழில்நுட்பம் முழுமையாக 4 வருடம் போதுமாக இருந்தது.

அதே நகரம் காற்றைச் சரிசெய்ய எவ்வளவு காலம் எடுத்தது? லண்டன் புகைக்கு எதிராக 1853-ல் ஒரு சட்டம் வந்தது. புகை போகவில்லை. 1952 டிசம்பரில் பெரும்புகைமூட்டம் வந்து ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, 1956-ல்தான் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. வார்டின் புட்டியிலிருந்து எண்ணினால் 127 வருடம்.

இந்தியாவில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-ல் வந்தது. காற்றுத் தரக் குறியீடு 2015-ல் வந்தது. தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019-ல் வந்தது. பி.எம் 2.5-க்கு நம் நாட்டின் ஆண்டு சராசரி வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5. நாம் நமக்கே கொடுத்துக்கொண்ட சலுகை 8 மடங்கு, அந்த 40-ஐக்கூட டெல்லி தொடுவதில்லை.

வசதி உள்ளவர்கள் இன்று ஏர் ப்யூரிஃபையர் வைத்த அறைக்குள் போய்விடுகிறோம். அதுவும் ஒரு வார்டியன் பெட்டிதான். மந்திர் மார்க்கில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும், கோயில் வாசலில் பூ விற்கிறவருக்கும், பள்ளி மைதானத்தில் ஓடுகிற பிள்ளைக்கும் அந்தப் பெட்டி கிடையாது. ஜன்னலுக்கு வரி கட்ட முடியாத கிழக்கு லண்டன் வீடுகளை வார்டு பார்த்தது போல, இவர்களையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும்.

மந்திர் மார்க் நிலையத்தின் எண்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பழைய தரவையும் இறக்கிக்கொள்ளலாம். நவம்பரில் மட்டும் பார்க்காதீர்கள். மார்ச்சில், ஜூலையில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உங்கள் தெருவுக்குப் பக்கத்து நிலையம் எது, போன வருடம் எத்தனை நாள் 24 மணி நேர வரம்பான 60-ஐத் தாண்டியது என்று எண்ணிப் பாருங்கள். எக்செல் தெரிந்தால் அரை மணி நேர வேலை. அந்த எண்ணோடு உங்கள் கவுன்சிலரிடமோ எம்.எல்.ஏ-விடமோ போனால், பேச்சு வேறு மாதிரி ஆரம்பிக்கும்.